இடுகிற கை யாருடையது? பொதுப்பணத்தில் தரும் கலை நல்கைக்கு எந்தத் தேர்வுமுறை தகும்

ஒரு மாநகராட்சியோ பண்பாட்டுத் துறையோ பல்கலைக்கழகமோ கலைஞர்களுக்கு நல்கை தர முன்வந்தால் முதலில் தொகையைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு யார் விண்ணப்பிக்கலாம், எந்தத் தேதிக்குள், எந்தப் படிவத்தில் என்று பேசுவார்கள். தேர்வுக்குழுவில் யார் உட்காருவது என்ற கேள்வி கூட்டம் கலையப்போகிற நேரத்தில்தான் வரும். "நாலு மூத்த கலைஞர்களைப் போட்டுவிடலாம்" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பதை மற்ற எல்லா விதிகளையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது இந்தத் தலையாட்டல்.

"இடுகிறவள் தன்னவள் ஆனால் அடிப்பந்தியில் இருந்தால் என்ன, கடைப்பந்தியில் இருந்தால் என்ன" என்று நம்மிடம் பழமொழியே இருக்கிறது. நடுவரின் மாணவர், நடுவரின் மைத்துனர், நடுவரின் நூலை வெளியிட்ட பதிப்பாளர், நடுவரோடு பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர் என்று யார் விண்ணப்பித்தாலும் தராசு ஒரு பக்கம் சாயக்கூடும். கடைசியில் சொன்னவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பகையும் ஒரு நலன்தான். ஒருவருக்குக் கிடைக்காமல் செய்வதில் இன்னொருவருக்கு ஆதாயம் இருந்தால் அதுவும் நலன்முரண்தான், அதாவது முடிவெடுப்பவரின் சொந்த நலன் அவருடைய நடுநிலையோடு மோதுவதுதான்.

பாலம் கட்டும் ஒப்பந்தத்தில் இந்தச் சிக்கலைத் தீர்ப்பது ஓரளவு எளிது. ஒப்பந்தக்காரரோடு எந்த உறவும் இல்லாத பொறியாளரை வேறு மாவட்டத்திலிருந்து அழைத்து வரலாம். கலையில் அறிவு வருகிற வழியும் உறவு வருகிற வழியும் ஒன்றாகவே இருக்கின்றன. தோற்பாவைக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அதைப் பெரும்பாலும் மண்டிகர் சமூகக் குடும்பங்களே தலைமுறை தலைமுறையாக நிகழ்த்திவந்திருக்கின்றன. உறவினர் விண்ணப்பித்தால் நடுவராக இருக்கக் கூடாது என்று விதி போட்டால், திரைக்குப் பின்னால் ஆட்டுத்தோல் பாவை அசையும்போது எது தேர்ச்சி, எது தடுமாற்றம் என்று சொல்லத் தெரிந்தவர்களில் அநேகமாக ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். விதி போடாவிட்டால், பணம் குடும்பத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்று அடுத்த ஊர்க்காரர் சொல்வார், அதற்கு நம்மிடம் பதில் இருக்காது.

ஆகவே நலன்முரணே இல்லாத குழுவைத் தேடி அலைவதில் பயனில்லை. எந்த முறை எந்த வகை நல்கைக்குக் குறைந்த சேதத்தோடு வேலை செய்யும் என்று பார்ப்பதுதான் நடக்கிற காரியம். உலகத்தில் கைக்கொள்ளப்படும் முறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

எழுந்து வெளியே போவது

பெரும்பாலான அமைப்புகள் முதலில் கையில் எடுப்பது இதுதான். கலைஞர்களே நடுவர்கள். தனக்கு வேண்டியவரின் விண்ணப்பம் வரும்போது அந்த நடுவர் அறையை விட்டு வெளியே போய்விடுவார். பேச்சு முடிந்ததும் திரும்பி வருவார். செலவில்லை, கண்ணியமாகவும் தெரிகிறது, நிகழ்ச்சிக் குறிப்பில் ஒரு வரி எழுதிவிடலாம்.

இந்த முறை போதாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது. 1969இல் வந்த கிரைபக் வழக்கு ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப்பணிக்கு ஆள் தேர்ந்தெடுத்தது பற்றியது. தேர்வுக் குழுவில் இருந்த ஒரு வன அதிகாரி, தானே அந்தப் பணிக்கு ஒரு வேட்பாளர். அவர் பெயர் பரிசீலனைக்கு வந்தபோது அவர் குழுவில் உட்காரவில்லை. ஆனால் அவருடைய போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்திருந்தார், வரிசைப் பட்டியல் தயாரித்தபோதும் இருந்தார். நீதிபதி கே.எஸ். ஹெக்டே எழுதிய தீர்ப்பு அந்தத் தேர்வை ரத்து செய்தது. உண்மையில் அவர் ஓரவஞ்சனை செய்தாரா என்று நிரூபிக்கத் தேவையில்லை, நியாயமான மனிதர் ஒருவருக்கு அப்படிச் சந்தேகம் எழ இடமிருந்தால் போதும் என்பது அதன் சாரம்.

1984இல் வந்த மகாபாத்ரா வழக்கு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஒடிசாவில் பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கு வாங்க வேண்டிய நூல்களைப் பரிந்துரைக்க ஒரு குழு போட்டார்கள். குழுவில் இருந்தவர்களில் சிலர் எழுத்தாளர்கள். அவர்களுடைய நூல்களும் பரிசீலனைக்கு வந்திருந்தன. தன் நூல் வரும்போது விலகிக்கொண்டால் சரியாகிவிடாதா என்ற கேள்விக்கு நீதிமன்றம் சொன்ன பதிலை, கலை நல்கை தருகிற ஒவ்வொரு அலுவலகத்திலும் எழுதி மாட்டலாம். குழுவில் உள்ள மற்றவர்களின் மனத்தில் அவர் செல்வாக்குச் செலுத்த முடியும், உன்னுடையதை நான் ஏற்கிறேன், என்னுடையதை நீ ஏற்றுக்கொள் என்கிற வாய்விட்டுச் சொல்லாத உடன்பாடு அங்கே உருவாக முடியும் என்பதே அதன் கருத்து. நூலை மதிப்பிட எழுத்தாளர்களை விட்டால் வேறு ஆளில்லை என்ற சமாதானத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்னார்தான் இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லாதபோது வேறு ஆட்களைப் போட்டிருக்கலாம் அல்லவா?

என்னுடைய வாதத்தின் மையமும் இதுதான். நலன்முரண் என்பது ஒரு நாள், ஒரு அறையில், ஒரு விண்ணப்பத்தின் மேல் நடக்கிற விஷயம் என்று நினைப்பதால்தான் வெளிநடப்பு போதும் என்று தோன்றுகிறது. கலை உலகில் அது ஆண்டுகளின் குறுக்கே நீண்டு கிடக்கிறது. இந்த ஆண்டின் நடுவர் அடுத்த ஆண்டின் விண்ணப்பதாரர். இந்த ஆண்டு கையேந்தி நிற்பவர் அடுத்த ஆண்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவார். இரண்டு பேருக்கும் அது தெரியும். ஒருவர் ஐந்து நிமிடம் வராந்தாவில் நின்றுவிட்டு வருவதால் அந்த அறிதல் அழிந்துவிடாது.

என் வாதத்துக்கு ஒரு வலுவான எதிர்வாதமும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் கலைக்கு அரசுப் பணம் தந்த அமைப்புக்கு 1942 முதல் தலைவராக இருந்தவர் பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். 1946இல் பிரிட்டனின் கலைகள் மன்றமாக மாறியது அந்த அமைப்புதான். அதே காலத்தில் லண்டன் கோவன்ட் கார்டனில் இசைநாடக அரங்கை மீட்டெடுத்த அறக்கட்டளைக்கும் அவர்தான் தலைவர். அவர் மனைவி லிடியா லொப்பக்கோவா புகழ்பெற்ற பாலே நடனக் கலைஞர். போரின்போது நடனக்கூடமாகக் கிடந்த அந்த அரங்கு 1946 பிப்ரவரி 20 அன்று ஒரு பாலே நிகழ்ச்சியோடு மறுபடியும் திறந்தது. தொடக்க ஆண்டுகளில் இருந்தே மன்றத்தின் நிதியில் பெரும்பங்கு அங்கே போனது. இன்றைய அளவுகோலில் அவரை ஒரு நாள்கூட அந்த நாற்காலியில் உட்கார விட முடியாது. ஆனால் அவர் இல்லாமல் அந்த அரங்கும் மன்றமும் அந்த வடிவில் வந்திருக்குமா என்பது சந்தேகம். கலையில் ஆழ்ந்த ஈடுபாடுள்ளவர்கள்தான் கலைக்காக அரசோடு மல்லுக்கட்டுவார்கள், அதே ஈடுபாடுதான் அவர்களை நடுநிலையிலிருந்து இழுத்தும் செல்லும். லண்டனுக்கு வெளியே இருந்த சிறு ஊர்களின் நாடகக் குழுக்களும் ஓவியர்களும் அதற்குக் கொடுத்த விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியாளை அழைப்பது

அமெரிக்காவில் 1965இல் தொடங்கிய தேசியக் கலை நிதியம் ஆரம்பம் முதலே துறை வல்லுநர் குழுக்களை நம்பி நடந்தது. ஒரே வட்டத்துக்குள் பணம் சுற்றுகிறது என்ற புகார் 1980களின் இறுதியில் மற்ற அரசியல் சர்ச்சைகளோடு சேர்ந்து வெடித்தது. 1990இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. விண்ணப்பம் நிலுவையில் இருப்பவரோ, விண்ணப்பித்த அமைப்பில் வேலை பார்ப்பவரோ குழுவில் இருக்கக் கூடாது. தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் யாரும் நீடிக்கக் கூடாது. குழு ஆண்டுக்கு ஆண்டு பெருமளவு மாற வேண்டும். கலையைத் தொழிலாகக் கொள்ளாத, ஆனால் கலையறிவுள்ள பொதுமக்களும் ஒவ்வொரு குழுவிலும் இருக்க வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கடைசி விதி. ஒரு நல்ல ரசிகர், நாற்பது வருடம் கச்சேரி கேட்டவர், ஊர்த் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த ஆசிரியை, அரங்க விளக்கு போடுகிறவர். இவர்களுக்குக் கலை தெரியும், ஆனால் நல்கைப் போட்டியில் இவர்கள் இல்லை. நம் குழுக்களில் இவர்களை ஏன் யாரும் கூப்பிடுவதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

வெளியாளுக்குக் குறையும் உண்டு. தெருக்கூத்தில் வடக்கத்திப் பாணிக்கும் தெற்கத்திப் பாணிக்கும் உள்ள வேறுபாடு தெரியாதவர், விண்ணப்பத்தில் நன்றாக எழுதத் தெரிந்தவருக்கே மதிப்பெண் போடுவார். ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதித் தர ஆள் வைத்திருக்கிற நகரத்து அமைப்பு ஜெயிக்கும், ஆட்டம் மட்டுமே தெரிந்த ஜமா, அதாவது கூத்துக்குழு, தோற்கும். உறவினருக்குச் சாய்வதைத் தடுத்துவிட்டு வர்க்கத்துக்குச் சாய்வதை உள்ளே விட்டுவிடுகிறோம். செலவையும் பார்க்க வேண்டும். மொத்தம் பத்து லட்சம் ரூபாய் பகிர வேண்டிய இடத்தில் வெளியூர் நடுவர்களின் பயணத்துக்கும் தங்கலுக்கும் இரண்டு லட்சம் போனால் எந்தக் கலைஞரும் மன்னிக்க மாட்டார்.

பெயரை மறைப்பது

கவிதை, சிறுகதை, நாவல் ஆகியவற்றுக்கு இது நன்றாக ஒத்துவருகிறது. அதே அமெரிக்க நிதியம் எழுத்தாளர்களுக்குத் தந்துவந்த 25,000 டாலர் நல்கைக்குக் கைப்பிரதியைப் பெயரில்லாமல்தான் படித்தார்கள். எழுத்துக்கு அப்பால் இது அதிக தூரம் போகாது. ஒரு பாடகரின் குரலையோ ஒரு சிற்பியின் உளியையோ மறைக்க முடியாது. சிறிய மொழிவட்டத்தில் எழுத்தைக்கூட மறைக்க முடியாது, இரண்டாவது பத்தியிலேயே யார் எழுதியது என்று தெரிந்துவிடும். தெரியாதது போல் பாவனை செய்யும் நடுவர், தெரியும் என்று ஒப்புக்கொள்ளும் நடுவரைவிட ஆபத்தானவர். எழுத்துப் போட்டிக்கு வைத்துக்கொள்ளலாம், மற்றதற்கு வேண்டாம்.

அமைச்சர் அறையில் முடிவெடுப்பது

கலைஞர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள், ஆகவே அரசே நேரடியாகத் தரட்டும் என்ற வாதம் எல்லா நாட்டிலும் அவ்வப்போது எழும். ஆஸ்திரேலியாவில் அதைச் செய்தும் பார்த்தார்கள். 2015 மே மாத வரவுசெலவுத் திட்டத்தில் அப்போதைய கலைத்துறை அமைச்சர் ஜார்ஜ் பிராண்டிஸ், சக கலைஞர்களின் மதிப்பீட்டில் இயங்கிவந்த ஆஸ்திரேலியா கவுன்சில் என்ற கலை நிதி அமைப்பிடமிருந்து பத்துக் கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை எடுத்துத் தன் அமைச்சகத்தின் கீழ் ஒரு புதிய திட்டத்தை அறிவித்தார். முதலில் வந்த வரைவு விதிகளில் தனிக்கலைஞர்களுக்கு இடமே இல்லை. செனட் நடத்திய விசாரணைக்கு 2,000க்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் அமைச்சர் மாறினார், திட்டத்தின் பெயர் மாறியது, பணத்தில் ஒரு பகுதி கவுன்சிலுக்குத் திரும்பியது. 2017இல் மீதியில் பெரும்பகுதியும் திரும்பிவிட்டது.

கலைஞர்கள் குழுவில் இருக்கும் நலன்முரண் சில்லறை என்றால், அமைச்சரின் நலன்முரண் மொத்த வியாபாரம். தன்னைப் பாராட்டுகிறவருக்குத் தரவும் தன்னை விமர்சிக்கிறவருக்கு மறுக்கவும் அவருக்கு எப்போதும் காரணம் இருக்கும், அதைக் கேட்க யாருக்கும் வழி இருக்காது. இந்த முறையை நான் எந்த வகை நல்கைக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

குலுக்கல்

கலையில் குலுக்கலா என்று முகம் சுளிப்பவர்கள் அயர்லாந்தைப் பார்க்க வேண்டும். 2022இல் அந்த அரசு கலைஞர்களுக்கான அடிப்படை வருமானத் திட்டத்தை மூன்றாண்டுச் சோதனையாகத் தொடங்கியது. வாரம் 325 யூரோ. 9,000 பேருக்கும் மேல் விண்ணப்பித்தார்கள். அவர்களில் 8,200க்கும் மேற்பட்டவர்கள் உண்மையிலேயே கலைத்தொழிலில் இருப்பவர்கள் என்று சரிபார்க்கப்பட்டார்கள். அவர்களிலிருந்து 2,000 பேரைப் பெயர் பாராமல் குலுக்கலில் எடுத்தார்கள். கிடைக்காத ஆறாயிரம் பேரில் ஒருவரிடமும் உன் கலை மட்டம் என்று யாரும் சொல்லவில்லை. சிபாரிசுக்கு இடமில்லை. நடுவருக்கு நன்றிக்கடன் பட்டவர் என்று ஒருவரும் உருவாகவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் உத்திரமேரூர் நினைவுக்கு வந்திருக்கும். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அங்குள்ள சபை தன் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் எடுத்த முறையைச் சொல்கின்றன. குடவோலையை நம் பழைய ஜனநாயகம் என்று மேடையில் சொல்லிப் பெருமைப்படுவதோடு நிறுத்திவிடுகிறோம். அது பிராமண சபை. நிலமும் வேதக்கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டுமே திறந்திருந்தது, ஊரின் மற்ற மக்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் நலன்முரணைக் கையாண்ட விதத்தில் அந்தக் கல்வெட்டு இன்றைய பல விதிப்புத்தகங்களைவிடக் கூர்மையானது. ஊரின் பகுதிகளான முப்பது குடும்புகளிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரை இடக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை இடக் கூடாது, அவருடைய சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை, மாமன் மக்கள் என்று உறவுகளை வரிசையாகச் சொல்லி அவர்களையும் விலக்குகிறது. எல்லோர் முன்னிலையிலும், உள்விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான்.

அயர்லாந்து பயனாளிகளைக் குலுக்கியது. உத்திரமேரூர் பொறுப்பில் உட்காருகிறவர்களைக் குலுக்கியது. எனக்கு இரண்டாவதுதான் கலை நல்கைக்கு அதிகம் உதவும் என்று தோன்றுகிறது. குலுக்கலில் நல்கை கொடுத்தால், ஐந்து வருடம் உழைத்து ஒரு பெரிய படைப்பின் விளிம்பில் நிற்கிறவரும் நேற்றுத் தொடங்கியவரும் ஒரே சீட்டாகிவிடுகிறார்கள். பெரிய தொகையில் அது உண்மையான இழப்பு. நடுவர்களைக் குலுக்கினால் மதிப்பீடு மனிதர்களிடமே இருக்கும், ஆனால் அடுத்த ஆண்டு யார் நடுவர் என்று யாருக்கும் தெரியாது. இன்று நான், நாளை நீ என்ற உடன்பாட்டுக்கு, நாளை வரப்போவது இன்னார் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெரிதலைத்தான் குடம் உடைக்கிறது.

எதற்கு எது

நல்கை தரப்போகும் ஓர் அமைப்பு என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். வாத்தியம் பழுதுபார்க்க, ஒரு கண்காட்சிக்குப் பயணம் போக, ஒரு நிகழ்ச்சிக்கு ஆடை வாங்க என்று தரும் சிறு தொகைகளுக்குக் குழுவே வேண்டாம். தகுதியைச் சரிபாருங்கள், பொதுவில் குலுக்குங்கள், சென்ற முறை பெற்றவரை இந்த முறை விலக்குங்கள்.

ஓராண்டு ஊக்கத்தொகை, நூல் எழுத, நாடகம் தயாரிக்கத் தரும் நடுத்தரத் தொகைக்கு நடுவர் பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். பட்டியல் பெரிதாக இருக்க வேண்டும், ஐம்பது அறுபது பேராவது. கலைஞர்கள் பாதி, மீதிப் பாதி ரசிகர்கள், ஆசிரியர்கள், அரங்கத் தொழிலாளர்கள், பக்கத்துத் துறைக் கலைஞர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஏழு பேரைக் குலுக்கி எடுங்கள். எடுக்கப்பட்டவர் அந்தச் சுற்றிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் விண்ணப்பிக்கக் கூடாது. அவருடைய குடும்பத்தார் யாராவது விண்ணப்பித்திருந்தால் அவர் அந்தச் சுற்றிலிருந்தே முழுமையாக விலக வேண்டும், ஐந்து நிமிடம் வெளியே நிற்பது போதாது. அவர் இடத்துக்கு இன்னொரு சீட்டு. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைப் பல அமைப்புகள் ஏற்கத் தயங்குகின்றன. நடுவருக்கு நல்ல ஊதியம் தர வேண்டும். இரண்டாண்டு விண்ணப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டுச் சால்வையோடு அனுப்பினால், வசதியுள்ளவர்களும் ஓய்வுபெற்றவர்களும் மட்டுமே நடுவராக வருவார்கள்.

பல ஆண்டுகளுக்கு நிறுவனங்களுக்குத் தரும் பெருந்தொகைக்கு வெளியாட்கள் கட்டாயம். அங்கே பயணச் செலவு பொருட்டல்ல. நேரில் போய்ப் பார்க்க வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

தோற்பாவைக்கூத்து போல எல்லோரும் உறவினராக இருக்கும் கலைகளுக்கு மட்டும் ஒரு விலக்கு வைப்பேன். அந்தக் கலையை அறிந்த ஒருவரை, அவர் யாருக்கு என்ன உறவு என்று பதிவு செய்துகொண்டு, ஆலோசகராக அழைக்கலாம். அவர் எது நல்ல ஆட்டம் என்று விளக்கலாம், கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். மதிப்பெண் போடக் கூடாது. அவர் சொன்னது குறிப்பேட்டில் இருக்க வேண்டும், விண்ணப்பித்த எவரும் கேட்டால் அதைக் காட்ட வேண்டும். இது முழுத் தீர்வு இல்லை. அவர் சொல்லுக்கு எடை இருக்கும், அந்த எடை ஒரு பக்கம் சாயவும் கூடும். ஆனால் பாவையாட்டம் தெரியாத ஏழு பேர் மட்டும் உட்கார்ந்து ஒரு கலைக்குடும்பத்தின் வருமானத்தை முடிவு செய்வதைவிட இது மேல்.

நடுவர்களின் பெயரை முடிவோடு சேர்த்து வெளியிடுங்கள், முன்னால் வேண்டாம். முன்னால் வெளியிட்டால் அன்று மாலையே தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிடும். பெற்றவர் பட்டியலுக்குப் பக்கத்திலேயே எந்த நடுவர் எந்த உறவை அறிவித்தார், யாருக்காக விலகினார் என்பதும் இருக்கட்டும். கிடைக்காதவருக்குப் போகும் கடிதத்தில் அவருடைய மதிப்பெண்ணும், இரண்டு வரியில் காரணமும், மேல்முறையீட்டுக்கு யாரிடம் போவது என்பதும் இருக்க வேண்டும். அந்த மேல்முறையீட்டைக் கேட்பவர் அதே ஏழு பேரில் ஒருவராக இருக்கக் கூடாது.